சாவிக்கொத்தும் காணாமல் போன புள்ளியும்

கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் திடீரென்று விழுந்து கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தால், முதலில் கேட்கும் குரல் "யாருகிட்டயாவது சாவி இருக்கா?" என்பதுதான். நாலு பேர் ஓடி வருவார்கள். சாவிக்கொத்தோ, அரிவாளோ, எதிர்க்கடைத் தராசின் படிக்கல்லோ, கைக்குக் கிடைத்த இரும்பை விழுந்தவரின் உள்ளங்கையில் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நிற்கும். "பாத்தியா, இரும்பு கொடுத்ததும் நின்னுபோச்சு" என்று கூட்டம் கலையும்.

வலிப்புகளில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து, மூடிய விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. (ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தால் போதும். கையிலும் வாயிலும் எதையும் திணிக்க வேண்டியதில்லை.)

இந்தச் சாவிக்கொத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இதே தவறை, கையில் சி.டி. ஸ்கேன் படத்தையும் வைத்துக்கொண்டு, இந்தியாவின் படித்த மருத்துவர்கள் 1980களில் செய்தார்கள். அது தவறு என்று கண்டுபிடித்துச் சொன்னதும் தமிழ்நாட்டில் இருந்த ஒரு மருத்துவமனைதான்.

முதலில் கம்பம் பள்ளத்தாக்கில் வலிப்பு வந்த ஒருவரின் பாதையைப் பார்ப்போம். திடகாத்திரமான இருபது வயது ஆள். திராட்சைப் பந்தலிலோ, மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்திலோ வேலை. இதுவரை ஒரு காய்ச்சல் கூட வந்ததில்லை. ஒருநாள் இடது கை மட்டும் தானாக ஆடுகிறது. பிறகு நினைவு போகிறது. எழுந்ததும் நாக்கு கடிபட்டிருக்கிறது, தலை வலிக்கிறது, நடந்தது எதுவும் தெரியாது. மறுநாள் பழையபடி நன்றாக இருக்கிறார். இதுதான் இந்த நோயின் பெரிய கொடுமை. அடுத்த வலிப்பு நாளைக்கா, அடுத்த வருடமா என்று யாருக்கும் தெரியாது. அதிகாலையில் ஆட்களை அடைத்துக்கொண்டு மலை ஏறும் ஜீப்பில் அவரை ஏற்ற யோசிப்பார்கள். கிணற்றுப் பக்கம் போகாதே, அடுப்புப் பக்கம் போகாதே என்பார்கள். பெண்ணாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள்.

காரணம் தெரியாத நோய்க்கு ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. காத்துக் கருப்பு அடித்திருக்கும். கோடாங்கி உடுக்கையடித்துக் குறி சொல்வார். சனி பிடித்திருந்தால் சின்னமனூர் பக்கத்தில் குச்சனூர் சனீஸ்வரன் இருக்கிறார். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டால் சித்திரைத் திருவிழாவில் அக்கினிச் சட்டி எடுக்கலாம். கண் பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவனுக்கு அங்கேதான் பார்வை திரும்பியது என்பது தலவரலாறு. நேர்ந்துகொண்டு ஆறு மாதத்தில் வலிப்பு நின்றுபோனவர்கள் உண்மையாகவே இருப்பார்கள். அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. ஏன் நின்றது என்பதுதான் கேள்வி.

கோயிலுக்கு அடுத்தபடி மதுரை. 1996 வரை தேனி தனி மாவட்டம் கூட இல்லை, மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்ததெல்லாம் 2000களில்தான். அதற்கு முன் கம்பத்துக்காரர் நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் மதுரை அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும். "கால்-கை வலிப்பு" என்று சீட்டில் எழுதி மாத்திரை கொடுப்பார்கள். ஆனால் வலிப்பு என்பது நோயின் பெயர் இல்லை, அறிகுறியின் பெயர். காய்ச்சல் மாதிரி. எதனால் வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

அந்தக் கேள்விக்கான விடைகளில் ஒன்று சென்னையில் 1888லேயே கிடைத்திருந்தது என்பதுதான் ஆச்சரியம். இறந்துபோன ஒருவரின் உடலை ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் அங்கே பிரேதப் பரிசோதனை செய்தபோது, உள்ளே சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழுவின் தலை. 1912இல் கிருஷ்ணசாமி என்ற மருத்துவர், தசைவலியும் தோலுக்கு அடியில் முடிச்சுகளுமாக வந்தவர்களைப் பற்றி எழுதினார். அங்கேயும் அதே கொப்புளங்கள்.

இது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். கொப்புளத்துக்கு 'சிஸ்டிசெர்கஸ்' என்று பெயர். 'வாலுள்ள பை' என்பது கிரேக்கத்தில் அதன் பொருள். பன்றி இறைச்சியில் இருக்கும் இந்தக் கொப்புளமும், மனிதக் குடலில் இருக்கும் நீளமான நாடாப்புழுவும் ஒரே பிராணிதான் என்று நிரூபித்தவர் ஜெர்மானியரான ஃபிரெடரிக் குயூக்கன்மைஸ்டர். 1855இல் மரணதண்டனைக் கைதி ஒருவருக்கு அவரது உணவிலேயே கொப்புளங்களைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பிறகு குடலைத் திறந்து பார்த்தால் குட்டி நாடாப்புழுக்கள்! விஞ்ஞானம் வென்றது, சரி. அந்தக் கைதியிடம் யாரும் கேட்கவில்லை.

ஆக, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் புழுவும் தெரியும், அதன் வாழ்க்கையும் தெரியும். ஆனால் இறந்தவர் உடலில்தான் தெரியும். உயிரோடு வலிப்பில் துடிப்பவரின் மண்டைக்குள் அது இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை.

முதல் வெளிச்சம் வந்தது ஒரு ராணுவத்திலிருந்து. 1930களில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் மேக்ஆர்தர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். நல்ல உடல்வாகு உள்ள சிப்பாய்கள், குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாது, திடீரென்று வலிப்பு நோயாளிகளாகிறார்கள். சிலருக்கு ஹிஸ்டீரியா என்று முத்திரை. சிலர் மனநல விடுதியில். நடிக்கிறான் என்று சந்தேகப்படப்பட்டவர்களும் உண்டு. இவர்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: பெரும்பாலானவர்கள் இந்தியாவில் பணியாற்றியவர்கள். தோலுக்கு அடியில் பட்டாணி அளவு முடிச்சுகளைத் தடவிப் பார்த்து, வெட்டி எடுத்துப் பரிசோதித்தபோது உள்ளே அதே புழு. புழு செத்துச் சுண்ணாம்பாகிப் போயிருந்தால் தசை எக்ஸ்ரேயில் அரிசி மாதிரித் தெரிந்தது.

இந்த வேலையைத் தொடர்ந்த டிக்ஸனும் லிப்ஸ்கோம்பும் 1961இல் 450 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வெளியிட்டார்கள். தொற்றியதற்கும் முதல் வலிப்புக்கும் நடுவே சராசரியாகச் சுமார் 5 வருடம். சிலருக்கு 30 வருடம் கூட! நினைத்துப் பாருங்கள். இந்தியாவை விட்டு ஊர் திரும்பி, கல்யாணம் செய்து, வேறு வேலையில் உட்கார்ந்த பிறகு ஒருநாள் தரையில் விழுகிறான். எப்போதோ ஒரு முகாமில் சாப்பிட்ட சாப்பாட்டையும் இதையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? பல வருடம் நோயோடு, அதைவிட அதிகமாக அவப்பெயரோடு வாழ்ந்தவர்களுக்கு, "நீ நடிக்கவில்லை, உன் மூளையில் புழு இருக்கிறது" என்ற செய்தி ஒருவிதத்தில் விடுதலையாகக் கூட இருந்திருக்கும்.

ஒரு முரண்பாடு. இந்தியாவுக்கு வந்துபோன சிப்பாய்களின் தலைக்குள் இருப்பதை லண்டனில் எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில், இந்தியாவிலேயே பிறந்து இங்கேயே சாப்பிட்டு வளர்ந்த வலிப்பு நோயாளியின் கையில் சாவிக்கொத்துதான் இருந்தது.

இங்கே மூளை மருத்துவம் வளர ஆரம்பித்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949இல் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பித்தார். மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். பென்ஃபீல்டோ வலிப்பு நோய் அறுவை சிகிச்சையில் உலகப் பெரும்புள்ளி. அடுத்த வருடமே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இவர்கள் தலைமுறை மண்டையைத் திறந்தபோது அடிக்கடி கண்ணில் பட்டது காசநோய்க் கட்டி, அதாவது டியூபர்குலோமா. அன்றைய இந்தியாவில் மூளைக் கட்டிகளில் அதற்குக் கணிசமான பங்கு. அதனால் இந்திய மூளையில் ஒரு கட்டி என்றால் டி.பி.யாக இருக்கும் என்று நினைப்பது அனுபவத்தில் விளைந்த, நியாயமான பழக்கம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

1971இல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேனர் முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1979இல் அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு. 1980களில் இந்தியாவின் பெரிய நகரங்களுக்கு ஸ்கேன் பரவியதும், வலிப்புக்காக வந்தவர்களின் படங்களில் புதிதாக ஒன்று தெரிய ஆரம்பித்தது. மூளையின் மேற்பரப்பை ஒட்டி ஒரே ஒரு சின்ன வளையம். 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. சுற்றிலும் வீக்கம். எல்லாப் பெரிய நகரங்களிலிருந்தும் இதே படம். மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் இப்படி ஒன்று பேசப்படவே இல்லை.

டி.பி.தான் என்றார்கள் பலர். காசநோய் மாத்திரைகளை ஆரம்பித்தார்கள். ஒரு வருடம், சில இடங்களில் ஒன்றரை வருடம். வலிப்பு மாத்திரையோடு மூன்று நான்கு டி.பி. மாத்திரைகள். சிறுநீர் சிவப்பாகப் போகும், சிலருக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், வலிப்பு மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறி இறங்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டால், மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில்... வளையத்தைக் காணோம்! மருந்து வேலை செய்துவிட்டது. டி.பி. என்பது உறுதியாகிவிட்டது.

"இரும்பு கொடுத்ததும் நின்னுபோச்சு."

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1985இல் பிரிட்டிஷ் நரம்பியல் இதழ் ஒன்றில் இந்திய மருத்துவர்கள் சிலர், தோன்றி மறையும் இந்தப் புள்ளிகளைப் பற்றி எழுதினார்கள். டி.பி. மருந்தே கொடுக்காதவர்களுக்கும் புள்ளி மறைந்தது. வலிப்பு வந்ததால் ஏற்பட்ட வீக்கமாக இருக்குமோ, மூளையழற்சியாக இருக்குமோ என்று ஆளுக்கொரு விளக்கம். இந்த வாதம் ஓடிக்கொண்டிருந்த வருடங்களில், வலிப்பு வந்தவர் கையிலிருந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்பது அவர் எந்த ஊர் டாக்டரிடம் போனார் என்பதைப் பொறுத்திருந்தது. ஒரு ஊரில் டி.பி., இன்னொரு ஊரில் கட்டி, வேறொரு ஊரில் ஒன்றுமில்லை. அதே படம்தான்!

தீர்த்துவைத்தது வேலூர். ஜேக்கப் சாண்டியின் மகன் மேத்யூ சாண்டியும், வேதாந்தம் ராஜசேகரும், நோய்க்குறியியல் மருத்துவர்களும் அடங்கிய குழு. அவர்கள் செய்தது, சொல்லப்போனால், மிக நேரடியான காரியம்: வாதம் செய்யாமல் எடுத்துப் பார்ப்பது. தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்தி, ஸ்கேன் காட்டும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் குறித்து, அந்தச் சின்ன வளையத்தை மட்டும் வெளியே எடுத்து, வரிசையாகச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் தேடினார்கள். ஒரு சீவலை மட்டும் பார்த்தால் வெறும் அழற்சி என்று தோன்றும், டி.பி. என்று கூட நினைக்கலாம். விடாமல் தேடினால் ஏதோ ஒரு சீவலில் புழுவின் மிச்சம் இருந்தது. 1989இல் 'லான்செட்' இதழில் அறிவித்தார்கள்: இந்திய நோயாளிகளின் இந்த ஒற்றைப் புள்ளிகளில் பெரும்பாலானவை நாடாப்புழுக் கொப்புளங்கள். 1991இல் விரிவான கட்டுரை வந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் பார்த்ததற்கு 100 வருடம் கழித்து.

புள்ளி ஏன் தானாக மறைகிறது? இதுதான் இந்தக் கதையிலேயே அழகான பகுதி. உயிருள்ள கொப்புளம் மூளையில் சத்தம் போடாமல் வருடக்கணக்கில் இருக்கும். உடலின் காவல்படைக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் ஒளிந்திருக்கும் வித்தை அதற்குத் தெரியும். வயதாகிச் சாக ஆரம்பிக்கும்போது அந்த வித்தை போய்விடுகிறது. உடல் அப்போதுதான் அந்நியனைக் கண்டுபிடித்துத் தாக்குகிறது. அந்தச் சண்டையின் வீக்கம்தான் ஸ்கேனில் தெரியும் வளையம், அதுதான் வலிப்பும். அதாவது முதல் வலிப்பு வரும்போது புழுவின் கதை ஏற்கனவே முடிந்துகொண்டிருக்கிறது. சில வாரம் முதல் சில மாதங்களில் உடலே குப்பையை அள்ளிவிடும். அந்த இடைவெளியில் டி.பி. மாத்திரை சாப்பிட்டிருந்தால் மாத்திரைக்குப் பெயர். குச்சனூர் போய் எள் தீபம் ஏற்றியிருந்தால் சனீஸ்வரனுக்குப் பெயர்.

1997இல் ராஜசேகரும் சாண்டியும், யாருக்கு மண்டையைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லும் அளவுகோலைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒற்றைப் புள்ளி, 2 சென்டிமீட்டருக்குள், மூளை ஒரு பக்கம் தள்ளப்படவில்லை, கை கால் பலவீனம் கூடிக்கொண்டே போகவில்லை, வேறு நோய் எதுவும் இல்லை என்றால் வலிப்பு மாத்திரையைக் கொடுத்துக் காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுத்தால் போதும். டாக்டர் "ஒன்றும் செய்ய வேண்டாம், பார்ப்போம்" என்றால் நமக்குக் கோபம் வரும். ஆனால் அந்த வார்த்தையைத் தைரியமாகச் சொல்வதற்கே இத்தனை பேரின் மூளைத் துணுக்குகள் தேவைப்பட்டன.

இங்கே ஒரு கேள்வி வரும். "எங்கள் வீட்டில் பன்றிக்கறியே சாப்பிட்டதில்லையே?" சைவக்காரர்களுக்கும் இது வருகிறது. காரணம் எளியது. வேகாத பன்றிக்கறியில் இருக்கும் கொப்புளத்தைத் தின்றால் வருவது குடலில் நாடாப்புழு. மூளைக்குப் போவது புழுவின் முட்டையிலிருந்து. அந்த முட்டை வருவது நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து. கை வழியாக, தண்ணீர் வழியாக, கழுவாத காய்கறி வழியாக. 1990-91இல் நியூயார்க்கில் பன்றியைத் தொடவே தொடாத ஆசார யூதக் குடும்பங்களில் இந்த நோய் வந்தது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த சமையல்காரப் பெண்கள் மூலம் முட்டை வந்திருக்க வேண்டும் என்று 1992இல் எழுதினார்கள். ஆக, சாப்பிடுவது என்ன என்பதைவிட, கழிப்பறை எப்படி என்பதுதான் பெரிய விஷயம். 2000களில் வேலூர் மாவட்டத்தில் சுமார் 50,000 பேரை வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணமாக இருந்தது. பன்றிக்கான தடுப்பூசி கூட இப்போது உண்டு. தயாரிப்பது ஹைதராபாத் நிறுவனம்.

நோயின் பெயர் தெரியாமல் இருந்ததற்கு வேறொரு விலையும் இருந்தது. அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1976இல் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, திரும்பத் திரும்ப வரும் பைத்தியத்தோடு வலிப்பையும் ஒரே வரியில் வைத்தார்கள். வலிப்பு உள்ளவரின் திருமணத்தை அந்தக் காரணத்தைக் காட்டியே ரத்து செய்யக் கேட்கலாம். அந்தச் சொல் சட்டத்திலிருந்து நீங்கியது 1999 டிசம்பரில். இடையில் 23 வருடம். லான்செட் கட்டுரைக்குப் பிறகும் 10 வருடம். செத்துக்கொண்டிருந்த ஒரு புழுவால் ஒரே ஒரு முறை விழுந்த பெண்ணும், வாழ்நாள் முழுவதும் வலிப்போடு இருப்பவரும், பைத்தியம் என்று பெயர் வாங்கியவரும் அந்த வரியில் ஒன்றுதான். வீட்டுக்குள்ளேயே மறைத்தார்கள் என்று பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

1928இல் வந்த மதுரை-போடி ரயில் பாதை, அகலப்பாதைப் பணிக்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் திரும்பியது. போடியிலிருந்து சென்னை போகும் ரயில் காட்பாடியில் நிற்கிறது. அங்கே இறங்கினால் வேலூர் பக்கம்தான். ஆனால் ஸ்கேன் எடுக்க இப்போது அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

எல்லோருக்கும் புள்ளி சுத்தமாக மறைவதில்லை என்பதையும் வேலூர்க்காரர்களே எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு அது சுண்ணாம்புத் துளியாக இறுகி அங்கேயே தங்கிவிடுகிறது. மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு திரும்பி வருவது இவர்களுக்குத்தான் அதிகம். ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி ஒன்று நின்றுபோனவர் மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. புழு செத்துப் பல வருடம் ஆகியிருந்தாலும்.